உலக அரசியல் பேசும் மாணவர் கொள்கைக் குழு: எப்படித் தொடங்குவது, எப்படி நிலைக்க வைப்பது

சர்வதேச உறவுகளில் ஆர்வமுள்ள நாலு மாணவர்கள் ஒன்று சேர்ந்தால் முதலில் நடப்பது லோகோ வரைவது. அடுத்தது பதவி பிரிப்பது. தலைவர், துணைத் தலைவர், ஆசியப் பிரிவு இயக்குநர், ஐரோப்பியப் பிரிவு இயக்குநர், ஊடகத் தொடர்பு இயக்குநர் என்று பத்துப் பேர் இருக்கும் குழுவில் பன்னிரண்டு இயக்குநர்கள் இருப்பார்கள். அப்புறம் ஒரு ஜூம் கூட்டம், அதற்கு ஒரு போஸ்டர், ஓய்வுபெற்ற தூதர் ஒருவர் வந்து பேசுவார், எல்லோரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து லிங்க்ட்இன்னில் போடுவார்கள். இரண்டாம் ஆண்டில் பாதிப் பேர் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட, வாட்ஸ்அப் குரூப்பில் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் மிஞ்சும்.

இதில் யாருடைய சோம்பலும் காரணமில்லை. வேலை என்னவென்றே தெரியாமல் குழு தொடங்கியதுதான் காரணம். எனவே இந்த வழிகாட்டியில் லோகோ, போஸ்டர், பதவி எதைப் பற்றியும் பேசப்போவதில்லை. யாரிடம், எதை, எப்போது கேட்கப்போகிறோம் என்பது முடிவாகும் வரை குழுவுக்குப் பெயர்கூட வைக்காதீர்கள் என்பதுதான் என் வாதம். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

மாதிரி ஐ.நா. போட்டிகளில் கலந்துகொண்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்தப் பழக்கம் நல்லதுதான், பேசவும் வரைவு எழுதவும் பேரம் பேசவும் கற்றுத்தரும். ஆனால் அங்கே உங்களுக்கு ஒரு நாட்டை ஒதுக்குகிறார்கள், அந்த நாட்டின் குரலில் பேசுகிறீர்கள், சாயங்காலம் தீர்மானம் நிறைவேறியதும் அதற்கு மேல் ஒன்றுமில்லை. இங்கே நீங்கள் உங்கள் குரலில் பேச வேண்டும், எதிரில் இருப்பவர் உண்மையான அதிகாரி, அவர் பதில் போடாமலும் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு வேலைகள்.

ஒரே ஒரு கேள்வியோடு போனவர்கள்

மாணவர்கள் எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள் என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2019-இல் பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் தலைநகர் போர்ட் விலாவில் உள்ள தென் பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த 27 மாணவர்கள், பருவநிலை மாற்றம் குறித்து நாடுகளுக்கு என்ன சட்டக் கடமை இருக்கிறது என்று ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்திடம் கேட்க வேண்டும் என்ற யோசனையோடு கிளம்பினார்கள். பருவநிலை மாற்றத்துக்கு எதிராகப் போராடும் பசிபிக் தீவு மாணவர்கள் என்று தங்கள் அமைப்புக்குப் பெயர் வைத்துக்கொண்டு, பசிபிக் நாட்டுத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். கவனித்துக் கேட்டது வனுவாட்டு அரசு. அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த ரால்ஃப் ரெகன்வானு ஆதரவு தந்தார்.

யோசனை புதிதில்லை. 2011-லேயே பலாவ் நாடு இதே போன்ற கோரிக்கையை ஐ.நா.வில் எழுப்பிப் பார்த்தது, நகரவில்லை. மாணவர்கள் அதே பாதையை மறுபடி எடுத்தார்கள். ஐ.நா. சாசனத்தின் 96-வது பிரிவின்படி, எந்தச் சட்டக் கேள்வி குறித்தும் சர்வதேச நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்தைப் பொதுச்சபை கேட்கலாம். மாணவர்களால் நேராக நீதிமன்றத்துக்குப் போக முடியாது, தனியாக ஒரு நாடு போய்க் கேட்கவும் வழியில்லை, பொதுச்சபையில் பெரும்பான்மை வேண்டும். ஆக முதலில் ஒரு நாடு, அந்த நாடு வழியாகப் பசிபிக் தீவுகள், அவை வழியாக மற்றவர்கள் என்று படிப்படியாகப் போனார்கள். 2023 மார்ச் 29 அன்று பொதுச்சபை 77/276 என்ற தீர்மானத்தை வாக்கெடுப்பே இல்லாமல் ஏற்றது, 130-க்கும் மேற்பட்ட நாடுகள் அதை இணைந்து முன்மொழிந்திருந்தன. 2024 டிசம்பரில் நடந்த வாய்மொழி விசாரணையில் 96 நாடுகளும் 11 சர்வதேச அமைப்புகளும் வாதிட்டன. 2025 ஜூலை 23 அன்று நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துச் சொன்னது: நாடுகளுக்குச் சட்டக் கடமை உண்டு, அது பருவநிலை ஒப்பந்தங்களோடு முடிந்துவிடுவதில்லை, மீறினால் பொறுப்பேற்க வேண்டியும் வரலாம்.

ஆலோசனைக் கருத்து யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் இனி உலகில் எந்த நீதிமன்றத்தில் பருவநிலை வழக்கு நடந்தாலும் இந்தக் கருத்து மேஜைக்கு வரும்.

இந்தக் கதையைக் கேட்டவுடன் நாமும் ஐ.நா.வுக்குப் போகலாம் என்று புறப்படுவது தப்பான பாடம். அவர்கள் கையில் இருந்தது ஒரு கேள்வி, அந்தக் கேள்வி போய்ச் சேர வேண்டிய ஒரு கதவு, அந்தக் கதவைத் திறக்க அதிகாரமுள்ள ஒரு அரசு. அத்தோடு ஆறு ஆண்டுப் பொறுமை. தொடங்கிய 27 பேரும் மாணவர்களாகவே அத்தனை காலம் இருந்திருக்க முடியாது என்பதையும் கவனியுங்கள், கடைசியில் இதற்குத் திரும்ப வருவோம்.

கேள்வியைச் சுருக்குவது

‘தென்சீனக் கடல் விவகாரம்’, ‘வல்லரசுப் போட்டி’, ‘செயற்கை நுண்ணறிவும் உலக ஒழுங்கும்’ என்பதெல்லாம் தலைப்புகள்தானே தவிர கேள்விகள் இல்லை. இவற்றைப் பற்றி முழுநேர ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் எழுதிக் குவித்திருக்கிறார்கள், அதே மேற்கோள்களை எடுத்து இன்னொரு முறை அடுக்கினால் எந்த அதிகாரியும் படிக்க மாட்டார், படிக்கவும் வேண்டியதில்லை.

எந்தத் தலைப்பு வந்தாலும் மூன்று விஷயம் கேளுங்கள். இதில் முடிவெடுக்கும் ஆள் அல்லது அலுவலகம் எது? அவர்கள் எப்போது முடிவெடுப்பார்கள்? அவர்களுக்குத் தெரியாத எது நமக்குத் தெரியும்? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் அந்தத் தலைப்பை ஓரமாக வையுங்கள். மூன்றாவது கேள்வியில்தான் பல குழுக்கள் விழும், ஏனென்றால் மாணவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயங்கள் நிறைய இருக்க, அவற்றை விட்டுவிட்டு எல்லோருக்கும் தெரிந்ததையே எழுதப் போவார்கள்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டில் படித்த பட்டத்தை இன்னொரு நாடு ஏற்பதில் உள்ள இழுபறி மாணவர்களுக்கு நேரடியாகத் தெரிந்த விஷயம். இதற்கென்றே உயர்கல்வித் தகுதிகளை அங்கீகரிப்பது பற்றிய உலகளாவிய உடன்படிக்கை ஒன்றை யுனெஸ்கோ 2019 நவம்பரில் ஏற்றது, அது 2023 மார்ச் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் நாடு அதில் சேர்ந்திருக்கிறதா? இல்லையென்றால் எங்கே நிற்கிறது, கல்வி அமைச்சகத்திலா, வெளியுறவு அமைச்சகத்திலா, நாடாளுமன்றத்திலா? சேர்ந்திருந்தால் உள்நாட்டு விதி மாறியதா? பட்டத்துக்கு அங்கீகாரம் கேட்டு விண்ணப்பித்த மாணவர்கள் எத்தனை மாதம் காத்திருந்தார்கள், மறுத்தபோது காரணம் சொன்னார்களா என்பதை முப்பது பேரிடம் முறையாகக் கேட்டு எழுதி வைத்தால், அமைச்சகத்திடமே இல்லாத தகவல் உங்கள் கையில் இருக்கும். ஐ.நா. சீர்திருத்தம் பற்றிய இருபது பக்கக் கட்டுரையைவிட இது பலமடங்கு உபயோகமானது. கவர்ச்சி இல்லைதான்.

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. நாடாளுமன்றக் குழு விசாரணை, ஒப்பந்த மாநாடு, அமைச்சர் பயணம், பட்ஜெட் தயாரிப்பு என்று எல்லாவற்றுக்கும் தேதி இருக்கிறது. இவற்றை ஒரே நாட்காட்டியில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆறேழு வாரம் முன்னால் உங்கள் கெடுவைக் குறியுங்கள். மாநாடு முடிந்த மறுநாள் போய்ச் சேரும் அருமையான அறிக்கை வெறும் கட்டுரை.

ஆட்கள்

தொடக்கத்தில் ஆறு பேர், மிஞ்சினால் எட்டுப் பேர் போதும். பல வளாகங்களில் கிளை வைத்து வளர்வது பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். அமெரிக்காவில் 2004 தேர்தலுக்குப் பிறகு ஸ்டான்ஃபோர்டு, யேல் மாணவர்கள் தொடங்கிய ரூஸ்வெல்ட் அமைப்பு அப்படிக் கிளைகளாக வளர்ந்தது, ஆனால் கிளைக்கு அனுப்ப ஒரு வேலைமுறை கையில் இருந்தால்தான் கிளை என்பதற்கே அர்த்தம் உண்டு.

பதவிக்குப் பதில் வேலையைப் பிரியுங்கள். ஒரு கொள்கைக் குறிப்புக்கு, அதாவது அதிகாரிக்கு அனுப்பும் சுருக்கமான பரிந்துரைக்கு, எழுதுபவர் இருவர், சரிபார்ப்பவர் ஒருவர், எடிட்டர் ஒருவர், அதை உரியவரிடம் கொண்டு சேர்ப்பவர் ஒருவர். அடுத்த குறிப்புக்கு இந்த வேலைகள் கைமாற வேண்டும். சரிபார்க்கும் வேலையை எப்போதும் புதிதாகச் சேர்ந்தவருக்குத் தள்ளிவிடும் வழக்கம் உண்டு, அது ஆபத்து, குழுவிலேயே பிடிவாதமான ஆளுக்குத்தான் அந்த வேலையைத் தர வேண்டும்.

உறுப்பினர்கள் வெவ்வேறு நாடுகளில் இருந்தால் கூட்ட நேரத்தைச் சுழற்றுங்கள், எப்போதும் ஒரே ஆள் நள்ளிரவில் விழித்திருக்கக் கூடாது. பேசி முடிவெடுத்ததை அன்றே ஐந்து வரியில் எழுதிப் பொதுக் கோப்பில் போடுங்கள், வர முடியாதவர் இரண்டு நாளுக்குள் மறுப்புச் சொல்லலாம் என்று விதி வையுங்கள். சரளமாக ஆங்கிலம் பேசுபவரே கூட்டத்தை நடத்திக்கொண்டு போவதும், விஷயம் தெரிந்தவர் மொழித் தயக்கத்தால் வாயே திறக்காமல் இருப்பதும் இந்த மாதிரிக் குழுக்களில் சாதாரணம். முதல் வரைவை அவரவர் நன்றாக யோசிக்கும் மொழியில் எழுதட்டும், பெறுபவரின் மொழிக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

தகவல் திரட்டும்போது சறுக்கும் இடங்கள்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன், ஏனென்றால் வெளியுறவு அதிகாரி ஒருவர் உங்கள் குறிப்பைக் கீழே வைத்துவிட ஒரே ஒரு தவறு போதும்.

கையெழுத்தும் ஏற்புறுதியும் (ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படுவதாக நாடு முறைப்படி உறுதிசெய்வது) ஒன்றில்லை. ஒரு நாடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், ஒப்பந்தத்தின் நோக்கத்தையே குலைக்கும் காரியங்களைச் செய்யாமல் இருக்க வேண்டும், ஒப்பந்தச் சட்டம் பற்றிய 1969 வியன்னா உடன்படிக்கையின் 18-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. ஒப்பந்தம் முழுதாகக் கட்டுப்படுத்த ஏற்புறுதி செய்திருக்க வேண்டும், ஒப்பந்தம் நடைமுறைக்கும் வந்திருக்க வேண்டும். செய்தித்தாளில் ‘கையெழுத்திட்டது’ என்று இருப்பதை நம்பி எழுதாதீர்கள். ஐ.நா.விடம் ஒப்படைக்கப்பட்ட ஒப்பந்தங்களுக்கு ஐ.நா. ஒப்பந்தத் தொகுப்பின் தளத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் தேதியோடு பட்டியல் இருக்கிறது, கூடவே எந்தப் பிரிவுக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று அந்த நாடு சொன்ன விலக்குகளும் இருக்கும். அந்த விலக்குகளைப் படிக்காமல் விடுவது அடுத்த தவறு.

வாக்குப் பதிவுகளிலும் இப்படித்தான். உக்ரைன் மீதான படையெடுப்பு பற்றி 2022 மார்ச் 2 அன்று பொதுச்சபையில் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 141, எதிர்ப்பு 5, நடுநிலை 35. கூட்டினால் 181தான் வரும். ஐ.நா.வில் 193 உறுப்பு நாடுகள், மிச்சம் 12 நாடுகள் வாக்களிக்கவே இல்லை. அந்தப் பன்னிரண்டையும் நடுநிலைக் கணக்கில் சேர்த்து எழுதினால் அது பிழை. வாக்களிக்காததற்குக் காரணம் பலவாக இருக்கலாம், சந்தா பாக்கி இரண்டு ஆண்டுத் தொகையைத் தொட்டுவிட்டால் சாசனத்தின் 19-வது பிரிவின்படி வாக்குரிமையே போய்விடும். நடுநிலை வகித்த நாடுகளும் ஒரே காரணத்துக்காக அப்படிச் செய்வதில்லை, வாக்கெடுப்புக்கு முன்னும் பின்னும் பிரதிநிதிகள் தரும் விளக்கங்கள் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் இருக்கும், அதைப் படித்தால்தான் அந்த நாட்டின் நிலைப்பாடு என்னவென்று சொல்ல முடியும்.

ஆயுத வர்த்தகம் பற்றி எழுதுபவர்கள் ஸ்டாக்ஹோமில் உள்ள அமைதி ஆய்வு நிறுவனமான சிப்ரியின் புள்ளிவிவரத்தை எடுத்து, இந்த நாடு இத்தனை கோடி டாலருக்கு ஆயுதம் வாங்கியது என்று எழுதிவிடுவார்கள். ஆனால் ஆயுதக் கைமாற்றத் தரவுத்தளத்தில் சிப்ரி தருவது கொடுத்த விலை இல்லை, கைமாறிய ராணுவத் திறனின் அளவைக் காட்ட அவர்களே வகுத்த ஒரு குறியீட்டு அலகு. வருடத்துக்கு வருடம் அது ஏறி இறங்கும் என்பதால் ஐந்தாண்டுக் கணக்காக ஒப்பிடுவதுதான் வழக்கம். அதேபோல சுவீடனின் உப்சலா பல்கலைக்கழகம் திரட்டும் மோதல் தரவில் ‘ஆயுத மோதல்’ என்றால் ஒரு தரப்பாவது அரசாக இருந்து, ஒரு காலண்டர் ஆண்டில் சண்டையில் குறைந்தது 25 பேர் இறந்திருக்க வேண்டும், ‘போர்’ என்றால் 1000 பேர். வேறொரு தரவுத்தளத்தில் வரையறை வேறாக இருக்கும். இரண்டிலிருந்தும் எண்ணை எடுத்து ஒரே அட்டவணையில் போட்டால் அந்த அட்டவணைக்கு அர்த்தமே இல்லை.

சரிபார்க்கும் முறை எளிமையாக இருக்கட்டும். குறிப்பில் உள்ள ஒவ்வொரு எண், தேதி, மேற்கோளுக்கும் பக்கத்தில் மூல ஆவணத்தின் பக்க எண்ணோ பத்தி எண்ணோ எழுத வேண்டும். எழுதாத ஒருவர் அந்த ஆவணத்தைத் தானே திறந்து பார்த்து டிக் போட வேண்டும். டிக் விழாத வரி வெளியே போகக் கூடாது. சாட்பாட்டிடம் கேட்டு எடுத்த மேற்கோள் என்றால் இரட்டைச் சந்தேகத்தோடு பாருங்கள், இல்லாத தீர்மான எண்ணையும் இல்லாத கட்டுரையையும் அது கூசாமல் எழுதித் தரும்.

எழுதுவது

இரண்டு பக்கம். மிகவும் அவசியமானால் நான்கு. முதல் பத்தியிலேயே என்ன பிரச்சினை, யார் என்ன செய்ய வேண்டும் என்பது வந்துவிட வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் அந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்வார்கள். பின்னணி வரலாறு அரைப் பக்கத்தைத் தாண்டக் கூடாது, படிப்பவருக்கு அது உங்களைவிட நன்றாகவே தெரியும். பரிந்துரைகள் மூன்று போதும். உங்கள் பரிந்துரைக்கு எதிராக அமைச்சகத்துக்குள்ளேயே சொல்லப்படும் மிகப் பலமான வாதம் எது என்று கண்டுபிடித்து, அதற்கான பதிலையும் எழுதுங்கள். செலவு எவ்வளவு, புதுச் சட்டம் வேண்டுமா, சுற்றறிக்கை போதுமா என்பதையும் சொல்லுங்கள்.

முன்பு சொன்ன பட்ட அங்கீகார உதாரணத்தில் ஒரு மாணவர் வரைவு இப்படித்தான் வரும்:

“உயர்கல்வித் தகுதிகளின் அங்கீகாரம் தொடர்பாகச் சர்வதேசச் சமூகம் ஒன்றிணைந்து செயல்பட வேண்டும். அரசுகள் மாணவர் நலனில் அக்கறை காட்ட முன்வர வேண்டும்.”

இதைப் படித்துவிட்டு நாளைக் காலை யார் எந்தக் கோப்பைத் திறப்பது? ‘சர்வதேசச் சமூகம்’ என்று ஒரு முகவரி கிடையாது. திருத்தினால் இப்படி:

“2019 யுனெஸ்கோ உடன்படிக்கையில் சேர்வதற்கு எந்தெந்த உள்நாட்டு விதிகள் மாற வேண்டும் என்ற பட்டியலைக் கல்வி அமைச்சகம் இந்த நிதியாண்டுக்குள் வெளியிட வேண்டும். அங்கீகார விண்ணப்பத்துக்கு முடிவு சொல்ல வேண்டிய கெடுவை அமைச்சகம் அதே காலத்துக்குள் விதியிலேயே எழுத வேண்டும். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தருவதையும் மேல்முறையீட்டுக்கான வழியையும் அமைச்சகம் அதே காலத்துக்குள் அந்த விதியில் சேர்க்க வேண்டும்.”

இரண்டாவதில் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஓர் அதிகாரி தன் உதவியாளரிடம் அப்படியே வேலையாகக் கொடுக்க முடியும். எடிட்டர் செய்ய வேண்டியதும் இதுதான்: ‘வேண்டும்’ என்று முடியும் ஒவ்வொரு வரியிலும் யார், என்ன, எப்போதுக்குள் என்று தேடிப் பார்ப்பது. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வரைவைத் திருப்பி அனுப்புவது. நண்பர்களுக்குள் இதைச் செய்யச் சங்கடமாக இருக்கும், அதனால் முதல் நாளே விதியாக வைத்துவிடுங்கள், பிறகு யாரும் தன்னைக் குறை சொன்னதாக நினைக்க மாட்டார்கள்.

கதவுகள் எங்கே இருக்கின்றன

அமைச்சர் பெயருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதில் பயன் குறைவு. உங்கள் விஷயத்தைக் கவனிக்கும் பிரிவு அதிகாரி, நாடாளுமன்றக் குழுவின் செயலர், எம்.பி.யின் ஆய்வு உதவியாளர், இவர்கள்தான் உண்மையில் படிப்பவர்கள். ஐந்து வரியில் மின்னஞ்சல், குறிப்பை இணைத்து, இருபது நிமிடம் பேச நேரம் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்தால் இரண்டு பேர் மட்டும் போங்கள். பேச்சு முடிந்த அன்றே நன்றி சொல்லி, அவர்கள் கேட்ட கூடுதல் தகவல் எப்போது வரும் என்றும் எழுதுங்கள்.

முறையாகத் திறந்திருக்கும் வாசல்களும் உண்டு. பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்வுக் குழுக்கள் விசாரணை நடத்தும்போது பொதுமக்களிடமிருந்து எழுத்துச் சாட்சியம் வாங்குகின்றன, ஐரோப்பிய ஆணையம் சட்ட முன்மொழிவுகள் குறித்துக் கருத்துக் கேட்கிறது. ஐ.நா. மனித உரிமைச் சிறப்பு அறிக்கையாளர்கள் தங்கள் அடுத்த அறிக்கைக்காகத் தகவல் கேட்டு அழைப்பு விடுப்பார்கள்.

நான் மாணவர் குழுக்களுக்கு முதலில் காட்டும் வாசல், ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் பார்க்கும் உலகளாவிய காலமுறை ஆய்வு. எல்லா உறுப்பு நாடுகளும் நான்கரை, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இந்த ஆய்வுக்கு உட்படும். இதற்கு அறிக்கை அனுப்ப, தன்னார்வ அமைப்புகளுக்கு ஐ.நா. பொருளாதார சமூகக் கவுன்சில் தரும் ஆலோசனை அந்தஸ்து தேவையில்லை. தனி அமைப்பு என்றால் 2815 சொற்கள், பல அமைப்புகள் சேர்ந்து அனுப்பினால் 5630 சொற்கள் வரை. சொல் வரம்பே உங்களை ஒழுங்காக எழுத வைக்கும். நாட்டின் முறை எப்போது வருகிறது, கடைசித் தேதி என்ன என்பதை மனித உரிமை ஆணையர் அலுவலகத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், ஆய்வுக் கூட்டத்துக்குப் பல மாதம் முன்பே கடைசித் தேதி முடிந்துவிடும்.

அந்த ஆலோசனை அந்தஸ்துக்கு அவசரப்பட வேண்டாம். அந்தக் கவுன்சிலின் 1996/31 தீர்மானத்தின்படி அமைப்பு குறைந்தது இரண்டு ஆண்டு இயங்கியிருக்க வேண்டும், 19 நாடுகள் கொண்ட குழு விண்ணப்பத்தை ஆராயும், ஏதாவது ஒரு நாடு கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் இழுத்துக்கொண்டே போகும். பருவநிலை விஷயமாக இருந்தால் ஐ.நா. பருவநிலைப் பேச்சுவார்த்தைகளில் இளையோர் அமைப்புகளின் அதிகாரபூர்வத் தொகுதியான யங்கோ இருக்கிறது, அதில் சேருவது எளிது. அமைதி, பாதுகாப்பு என்றால் பாதுகாப்புக் கவுன்சில் 2015 டிசம்பர் 9 அன்று ஏற்ற 2250-வது தீர்மானத்தைக் கடிதத்தில் சொல்லலாம், 18 முதல் 29 வயது வரையானவர்களை முடிவெடுப்பதில் சேர்க்கச் சொல்லும் தீர்மானம் அது. ஆனால் ‘இளைஞர்கள் குரலைக் கேளுங்கள்’ என்பது மட்டுமே உங்கள் கோரிக்கையாக இருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள். தீர்மானம் உள்ளே போக உதவும், உள்ளே போய்ச் சொல்ல விஷயம் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

தூதரக அதிகாரிகளோடு பேசும் கூட்டங்களுக்குச் சாத்தம் ஹவுஸ் விதி வழக்கம். லண்டனில் உள்ள சாத்தம் ஹவுஸ் என்ற ஆய்வு நிறுவனத்தில் 1927-இல் உருவானது. கேட்ட தகவலை யாரும் பயன்படுத்தலாம், ஆனால் யார் சொன்னது, எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பதை வெளியிடக் கூடாது. கூட்டம் தொடங்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், பாதியில் சொன்னால் செல்லாது. விதி அமலில் இருக்கும் கூட்டத்தில் பேச்சாளரோடு செல்ஃபி எடுத்து அவர் சொன்னதைக் கீழே எழுதிப் போட்டுவிட்டால் அந்தக் கதவு உங்களுக்கு மட்டுமில்லை, உங்களுக்குப் பின்னால் வருபவர்களுக்கும் மூடிவிடும்.

பணமும் பாதுகாப்பும்

முதல் ஆண்டுக்குப் பணமே தேவைப்படாது. பிறகு யாராவது தருவார்கள், அப்போதுதான் சிக்கல். ஒரு நாட்டின் தூதரகம் நிகழ்ச்சிக்குப் பணம் தந்தால் அந்த நாட்டைப் பற்றிய உங்கள் குறிப்பை யாரும் நம்ப மாட்டார்கள், நீங்கள் நேர்மையாகவே எழுதியிருந்தாலும். எனவே யார் எவ்வளவு தந்தார்கள் என்பதை வெளியிடுவது, தந்தவர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் எழுதாமல் இருப்பது, வெளியாகும் முன் வரைவை அவர்களுக்குக் காட்டாமல் இருப்பது, இந்த மூன்றையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சில நாடுகளில் வெளிநாட்டுப் பணம் வாங்குவதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது, ரசீது போடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் விளையாட்டே கூடாது. குழுவில் பல நாட்டு மாணவர்கள் இருந்தால், ஒருவருக்குச் சாதாரணக் கட்டுரையாக இருப்பது இன்னொருவருக்கு விசாவையோ, உதவித்தொகையையோ, ஊரில் உள்ள குடும்பத்தின் நிம்மதியையோ பறிக்கலாம். பெயர் போடலாமா என்று ஒவ்வொரு குறிப்புக்கும் தனித்தனியாக, குரூப்பில் இல்லாமல் தனிச் செய்தியில் கேளுங்கள். குரூப்பில் கேட்டால் வெட்கத்துக்கே ‘சரி’ என்பார்கள். வேண்டாம் என்றால் குழுவின் பெயரில் வெளியிடுங்கள், காரணம் கேட்காதீர்கள். பேட்டி கொடுத்த மாணவர்களின் பெயர்ப் பட்டியலைப் பொதுக் கோப்பில் வைக்காதீர்கள்.

கருத்து வேறுபாட்டால் குழு உடைவதும் இந்தத் துறையில் அதிகம், போர் ஒன்று மூண்டால் உறுப்பினர்கள் இரண்டு பக்கமும் இருப்பார்கள். எல்லா விஷயத்திலும் குழுவுக்கு ஒரு நிலைப்பாடு இருந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ‘இது எழுதியவர்களின் கருத்து, குழு சரிபார்த்தது உண்மைத் தகவல்களை மட்டும்’ என்று ஒவ்வொரு குறிப்பிலும் ஒரு வரி போட்டால் பாதிச் சண்டை வராது.

கைமாற்றுவது

மாணவர் குழுவின் ஆயுள் மூன்று ஆண்டு, அதற்கு மேல் பெரும்பாலோர் மாணவராக இருக்க மாட்டார்கள். அரசாங்கக் கோப்புகளோ அதைவிட மெதுவாக நகரும். வனுவாட்டு மாணவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் வர ஆறு ஆண்டு ஆனது என்று பார்த்தோம் இல்லையா, அத்தனை காலம் ஒரே கேள்வியை அடுத்தடுத்த ஆட்கள் கையில் கொடுத்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். அதனால் பொறுப்பு மாற்றத்தைத் தேர்வுக் காலத்தில் வைக்காதீர்கள், படிப்பு முடியும் ஆறு மாதம் முன்பே வையுங்கள், பழையவர் பக்கத்தில் இருக்கும்போதே புதியவர் ஒரு குறிப்பை முழுதாக நடத்திப் பார்க்கட்டும்.

கணக்குகள் எதுவும் தனி ஆளின் ஈமெயிலில் இருக்கக் கூடாது. டொமைன், மின்னஞ்சல், கோப்பகம், சமூக ஊடகம் எல்லாம் குழுவின் பொதுக் கணக்கில், இரண்டு பேருக்குக் கடவுச்சொல் தெரிந்த நிலையில் இருக்க வேண்டும். பல்கலைக்கழக மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கினால் பட்டம் வாங்கிய கொஞ்ச நாளில் அது மூடிவிடலாம், கூடவே எல்லாம் போய்விடும்.

அப்புறம், புதியவர்களிடம் கொடுக்க வேண்டியதில் மிக முக்கியமானது ஒரு அட்டவணை. எந்தக் குறிப்பு, யாருக்கு, எந்தத் தேதியில் போனது, அவர் என்ன சொன்னார், அடுத்து எப்போது கேட்கச் சொன்னார், அந்தப் பதவியில் இப்போது யார் இருக்கிறார். பதில் வராத கடிதங்களும் அதில் இருக்க வேண்டும். புதுக் குழுவின் முதல் வாரத்தில் புதுத் தலைப்பு எதுவும் எடுக்க வேண்டாம், அந்த அட்டவணையில் உள்ள ஒவ்வொருவருக்கும் ‘பொறுப்பு எங்களிடம் வந்திருக்கிறது, முன்பு அனுப்பிய குறிப்பு எந்த நிலையில் உள்ளது?’ என்று இரண்டு வரி எழுதிவிட்டு, இடம் மாறிப்போன அதிகாரிகளின் வரிசையில் புதியவர்களின் பெயரை நிரப்பட்டும்.